இயற்கை மையத்தில் வேலை செய்பவர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இயற்கையை நேரில் காட்டிச் சொல்லித் தரும் இயற்கை மையத்துக்குப் போகிறவர்கள் ஆந்தையைப் பார்ப்பார்கள், பாம்பைப் பார்ப்பார்கள், குளத்தைச் சுற்றி நடந்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். அந்த ஆந்தைக்கு இரை வைத்தவர், பாதையில் விழுந்து கிடந்த மரத்தை அறுத்து அகற்றியவர், குளத்துத் தண்ணீரை மாதாமாதம் சோதித்துக் குறித்து வைத்தவர் யாரென்று கேட்பவர்கள் குறைவு. தன்னார்வலராக இருந்த காலத்தில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளையும், யாராவது கேட்கமாட்டார்களா என்று நான் எதிர்பார்த்த சில கேள்விகளையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

இயற்கை மையத்தில் யார் யார் வேலை செய்கிறார்கள்?

பெரிய மையமாக இருந்தால் இயக்குநர், கல்விப் பிரிவு, விலங்குப் பராமரிப்பு, நிலப் பராமரிப்பு, வரவேற்பு, கணக்கு என்று தனித்தனி ஆட்கள் இருப்பார்கள். சிறிய மையத்தில் இது அத்தனையும் மூன்று நான்கு பேரின் தலையில்தான். காலையில் கூண்டு கழுவியவரே பத்து மணிக்குப் பள்ளிப் பிள்ளைகளைக் காட்டுக்குள் அழைத்துப் போவார். மதியம் நன்கொடை கேட்டு விண்ணப்பம் எழுதுவார். சாயங்காலம் கழிப்பறையில் தண்ணீர் வரவில்லை என்று குழாயைக் கழற்றிக்கொண்டிருப்பார்.

பொதுவாக மக்கள் கண்ணில் படுகிறவர் இயற்கை வழிகாட்டி. நடை அழைத்துப் போவது, பாடம் நடத்துவது, காட்சிப் பலகை எழுதுவது எல்லாம் அவர் வேலை. மற்றவர்கள் அதிகம் வெளியே தெரிவதில்லை. ஆனால் நிலப் பராமரிப்பாளர் ஒரு மாதம் வராவிட்டால் பாதைகள் மூடிக்கொள்ளும். விலங்குப் பராமரிப்பாளர் ஒரு நாள் வராவிட்டால் விலங்குகள் பட்டினி கிடக்கும்.

வழிகாட்டியும் வனக்காவலரும் ஒன்றுதானே?

இல்லை. வனக்காவலருக்குச் சட்டத்தை அமல்படுத்தும் அதிகாரம் உண்டு. வழிகாட்டிக்குப் பெரும்பாலும் அது கிடையாது. பூவைப் பறிக்கிறவரை அவர் தண்டிக்க முடியாது, பக்கத்தில் போய்ப் பேசத்தான் முடியும். நல்ல வழிகாட்டிகள் அதை அழகாகச் செய்வார்கள். “பறிக்காதீர்கள்” என்று தொடங்காமல், அந்தப் பூவின் மேல் என்ன பூச்சி உட்கார்ந்திருக்கிறது என்று காட்டுவார்கள். பூச்சியைப் பார்த்தபின் பூவைப் பறிக்க அநேகமாக யாருக்கும் மனம் வராது.

இப்படி ஒரு வேலை எப்போது உருவானது?

இயற்கையைச் சொல்லித் தருவது மனிதரளவு பழையது. ஆனால் சம்பளத்துக்கோ அனுமதிச் சீட்டோடோ செய்யும் தொழிலாக அது மாறி ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஆகின்றன. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் லாங்ஸ் சிகரத்துக்கு ஆட்களை அழைத்துப் போய்க்கொண்டிருந்த ஈனஸ் மில்ஸ், மலையேறுவதைவிட வழியில் இருப்பதைப் பார்ப்பதே முக்கியம் என்று நினைத்தார். மற்றவர்களுக்கும் அந்தப் பயிற்சியைக் கொடுத்தார். அவரிடம் பயின்ற எஸ்தர் பர்னெல், எலிசபெத் பர்னெல் என்ற சகோதரிகள் 1917இல் தேசியப் பூங்காவில் இயற்கை வழிகாட்டிகளாகப் பணியாற்ற அனுமதி பெற்றார்கள். 1920இல் யோசெமிட்டி தேசியப் பூங்காவில் ஹெரால்ட் பிரையன்ட், லாய் மில்லர் என்ற இருவர் இலவச இயற்கை நடைகளைத் தொடங்கினார்கள்.

இன்னொரு பெயர் அமெரிக்க எழுத்தாளர் ஃப்ரீமன் டில்டன். 1957இல் அவர் முன்வைத்த ஆறு கொள்கைகள் இன்றும் இந்தத் துறைப் பயிற்சிகளில் பேசப்படுகின்றன. வழிகாட்டியின் முதல் நோக்கம் பாடம் புகட்டுவது அல்ல, தூண்டிவிடுவது என்பது அவற்றில் ஒன்று. நான் பார்த்த சிறந்த வழிகாட்டிகள் எல்லோரும் பேசியதைவிடக் கேள்வி கேட்டதுதான் அதிகம்.

அவர்களுடைய ஒரு நாள் எப்படிப் போகும்?

முதலில் விலங்குகள். கதவு திறப்பதற்கு முன்பே எல்லாவற்றையும் ஒரு சுற்று பார்த்துவிடுவார்கள். நேற்று வைத்த தீனி மீந்திருக்கிறதா, எச்சம் எப்படி இருக்கிறது, ஒரு காலைத் தூக்கி வைத்திருக்கிறதா. பருந்து, ஆந்தை போன்றவற்றை அடிக்கடி, பல இடங்களில் தினமும், எடை போடுவார்கள். நோய் வந்த பறவை அதை வெளியே காட்டாமல் மறைக்கும். காட்டில் பலவீனம் தெரிந்தால் உயிர் போய்விடும் என்பதால் வந்த பழக்கம் இது. அதனால் சில கிராம் எடை குறைவதுதான் பல நேரங்களில் முதல் எச்சரிக்கை.

அப்புறம் ஒருவர் பாதையை நடந்து பார்ப்பார். இரவில் கிளை விழுந்திருக்கலாம், மரப்பாலத்தில் பலகை உளுத்திருக்கலாம், குளவிகள் பாதையோரம் கூடு கட்டியிருக்கலாம். இதையெல்லாம் பேருந்து வந்து பிள்ளைகள் இறங்குவதற்குள் தெரிந்துகொள்ள வேண்டும்.

அதற்குமேல் அந்த நாள் யாருடைய கட்டுப்பாட்டிலும் இல்லை. தொலைபேசி அடித்துக்கொண்டே இருக்கும். வீட்டுக்குள் வௌவால் வந்துவிட்டது, தோட்டத்தில் பாம்பு, மாடத்தில் குருவி முட்டையிட்டிருக்கிறது, இந்தப் படத்தில் இருப்பது என்ன காளான், சாப்பிடலாமா. கடைசிக் கேள்விக்கு அனுபவசாலிகள் எல்லோரும் ஒரே பதில்தான் சொல்வார்கள்: படத்தைப் பார்த்து யாரும் காளான் சாப்பிடச் சொல்லக் கூடாது.

அங்கே இருக்கும் ஆந்தையையும் பருந்தையும் ஏன் காட்டில் விடுவதில்லை? இது கொடுமை இல்லையா?

இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. பணியாளர்களுக்கும் உண்டு.

மையங்களில் நீங்கள் பார்க்கும் வேட்டைப் பறவைகள் பலவும் காட்டில் பிழைக்க முடியாதவை. வாகனத்தில் அடிபட்டு ஒரு சிறகு கோணலாகச் சேர்ந்திருக்கும். ஒரு கண் போயிருக்கும். இரண்டு கண்ணாலும் தூரத்தை அளந்து பாய்ந்து பிடிக்கிற பறவைக்கு ஒரு கண் போவது பெரிய இழப்பு. இன்னும் சில, குஞ்சாக இருந்தபோது மனிதர் கையில் வளர்ந்து, தன்னையும் மனிதரில் ஒன்றாகப் பதித்துக்கொண்டவை. அவற்றின் சிறகு நன்றாகவே இருக்கும். ஆனால் பசித்தால் மனிதரைத் தேடிப் பறந்து வரும், தன் இனத்தோடு சேரத் தெரியாது. அன்பாக எடுத்து வளர்த்தவர்கள் அறியாமல் செய்துவிட்ட தீங்கு அது.

இவற்றை வைத்திருப்பதற்குப் பல நாடுகளில் தனி உரிமம் வேண்டும். கூண்டின் அளவு, தீனி, மருத்துவப் பதிவு எல்லாவற்றுக்கும் விதி உண்டு. ஆனால் விதி மட்டும் போதாது. பாதுகாப்பாக உட்கார்ந்திருக்கும் பறவைக்கும் மிரண்டு உட்கார்ந்திருக்கும் பறவைக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க நெடுநாள் பழக வேண்டும். பறவை கையுறையில் ஏறி நிற்க மறுத்தால், இன்று அது வராது என்று அறிவித்துவிட்டு மண்டை ஓட்டையோ இறகையோ வைத்துப் பாடம் நடத்துகிற பராமரிப்பாளர் நல்ல பராமரிப்பாளர். கூட்டம் காத்திருக்கிறது என்பதற்காகப் பறவையைக் கட்டாயப்படுத்தும் இடத்தைப் பார்த்தால், அதை நிர்வாகத்திடம் தயங்காமல் சொல்லுங்கள்.

ஆந்தையை அருகில் பார்க்கும் வாய்ப்பு கிடைத்தால் கண்ணைக் கவனியுங்கள். அது நம் கண்போல உருண்டு திரும்பாது. குழல் வடிவில் எலும்போடு பொருந்தி நிற்கிறது. அதனால்தான் அது முழுத் தலையையும் திருப்புகிறது. கழுத்தில் 14 முள்ளெலும்புகள், நமக்கு இருப்பதுபோல் இரு மடங்கு. இரண்டு பக்கமும் ஏறக்குறைய 270 பாகை திரும்பும். ஆந்தை தலையைச் சுற்றி முழு வட்டம் போடும் என்று யாராவது சொன்னால், பக்கத்தில் நிற்கும் பராமரிப்பாளர் புன்னகையோடு திருத்துவார். ஆயிரம் முறை திருத்தியிருப்பார், ஆனாலும் முதல் முறை போலவே திருத்துவார். அந்தப் பொறுமையும் வேலையின் ஒரு பகுதிதான்.

கீழே விழுந்த பறவைக் குஞ்சை மையத்துக்குக் கொண்டுவரலாமா?

முதலில் தொலைபேசியில் கேளுங்கள். எல்லா மையங்களும் சிகிச்சை மையங்கள் அல்ல. காட்டு விலங்குக்குச் சிகிச்சை தரத் தனிப் பயிற்சியும் பல இடங்களில் உரிமமும் வேண்டும். ஆனால் அருகில் யார் அதைச் செய்கிறார்கள் என்பது மையத்துப் பணியாளர்களுக்குத் தெரிந்திருக்கும்.

குஞ்சைப் பார்த்தவுடன் தூக்காதீர்கள். உடல் முழுக்க இறகு முளைத்து, தத்தித் தத்தி ஓடுகிறது என்றால் அது கூட்டைவிட்டு இறங்கும் வயதை அடைந்துவிட்ட குஞ்சு. தாய் தகப்பன் பக்கத்தில்தான் இருக்கும், நீங்கள் விலகினால் இரை கொண்டுவரும். இறகே இல்லாமல் வெறும் தோலோடு கிடந்தால் கூட்டிலிருந்து தவறியது. கூடு எட்டும் உயரத்தில் இருந்தால் எடுத்துத் திரும்ப வைத்துவிடலாம். மனித வாசனை பட்டால் தாய் சேர்க்காது என்பது உண்மையல்ல. வசந்தத்தில் வரும் அழைப்புகளில் நிறையவற்றுக்கு “அப்படியே விட்டுவிடுங்கள்” என்பதே சரியான பதில். அதைச் சொல்லி நம்ப வைப்பதற்குத்தான் நேரம் பிடிக்கும்.

பூனை கவ்விய பறவை என்றால் கதை வேறு. காயம் எதுவும் தெரியாவிட்டாலும் பூனையின் வாயில் இருக்கும் பாக்டீரியா அதைக் கொன்றுவிடும். உடனே சிகிச்சை வேண்டும். அட்டைப் பெட்டியில் மெல்லிய துணி விரித்து, காற்றோட்டத்துக்குச் சில துளைகள் போட்டு, இருட்டாக, அமைதியாக, கதகதப்பாக வையுங்கள். பாலோ தண்ணீரோ வாயில் ஊற்ற வேண்டாம், மூச்சுக்குழாயில் போய்விடும். எடுத்த இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். குணமானால் அங்கேயேதான் விட வேண்டியிருக்கும்.

எங்கள் வீட்டு ஆமையை உங்கள் குளத்தில் விட்டுவிடலாமா?

தயவுசெய்து வேண்டாம். சிறு நாணய அளவில் வாங்கிய சிவப்புக் காது ஆமை தட்டளவு வளர்ந்து, இருபது முப்பது ஆண்டுகள் உயிரோடு இருக்கும் என்பது விற்கும்போது யாரும் சொல்லாத விஷயம். குளத்தில் விட்டால் அது அங்கே இருக்கும் ஆமைகளின் இடத்தையும் இரையையும் பிடுங்கிக்கொள்ளும். உலகின் மோசமான 100 ஊடுருவும் உயிரினங்களின் பட்டியலில் இந்த ஆமையும் இருக்கிறது. இரவோடு இரவாக வாசலில் பெட்டியை வைத்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு. அதைவிட நேரில் வந்து கேட்பது எவ்வளவோ மேல். அந்த மையத்தில் இடம் இல்லாவிட்டாலும் வேறு வழி சொல்வார்கள்.

முப்பது பிள்ளைகளை எப்படிச் சமாளிக்கிறார்கள்?

முதல் ஐந்து நிமிடத்தில் எல்லாம் தீர்மானமாகிவிடும். பேருந்திலிருந்து இறங்கும் பிள்ளைகளிடம் பத்து விதி சொன்னால் ஒன்றும் நிற்காது. இரண்டு மூன்று சொல்லிவிட்டு நடக்கத் தொடங்கிவிட வேண்டும். கையில் ஏதாவது கொடுத்தால் இன்னும் நல்லது: உருப்பெருக்கிக் கண்ணாடி, வலை, ஆந்தை கக்கிய உருண்டை. ஆந்தை இரையை முழுதாக விழுங்கி, செரிக்காத எலும்பையும் மயிரையும் உருண்டையாகக் கக்கும். அதைக் குச்சியால் பிரித்து எலியின் தாடையை எடுக்கிற பிள்ளை அதற்குப் பிறகு ஒரு மணி நேரத்துக்கு வேறு எதையும் நினைக்காது.

வகுப்பில் அடங்காத பிள்ளை என்று ஆசிரியர் முன்கூட்டியே சொல்லி அனுப்பும் பிள்ளைதான் பெரும்பாலும் கல்லுக்கு அடியில் இருக்கும் தேரையை முதலில் கண்டுபிடிப்பது. வழிகாட்டிகளுக்கு இது நன்றாகத் தெரியும். அந்தப் பிள்ளையை முன்னால் நடக்க விடுவார்கள்.

கூட வரும் ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். பின்னால் நின்று கைப்பேசி பார்க்க வேண்டாம். பெரியவர்கள் குனிந்து பார்த்தால்தான் பிள்ளைகளும் குனிந்து பார்ப்பார்கள். பாம்பைக் கண்டதும் பெரியவர் அலறினால் அந்தப் பயம் பிள்ளைக்குள் அப்படியே இறங்கிவிடும். அதை எடுப்பது வழிகாட்டியால் ஒரு மணி நேரத்தில் ஆகிற காரியமல்ல.

அவர்களுக்கு எல்லாச் செடி, பறவையின் பெயரும் தெரியுமா?

தெரியாது. “தெரியவில்லை, வாருங்கள் பார்ப்போம்” என்று சொல்கிறவரை நம்பலாம். இப்போது ஐநேச்சுரலிஸ்ட் போன்ற செயலிகள் இருக்கின்றன, படம் போட்டால் பெயர் சொல்லும், மற்றவர்கள் சரிபார்ப்பார்கள். அதற்காக வழிகாட்டி தேவையில்லை என்று ஆகாது. பெயர் தெரிந்தபின் அந்தச் செடி ஏன் இந்த ஓடைக்கரையில் மட்டும் நிற்கிறது என்ற அடுத்த கேள்வியைக் கேட்பவர் அவர்.

இயற்கையைக் காக்கிறவர்களே ஏன் செடிகளை வெட்டுகிறார்கள், புல்லுக்குத் தீ வைக்கிறார்கள்?

அதிகம் கோபம் வருவது இந்த வேலையைப் பார்த்துத்தான். வேறு நிலப்பரப்பிலிருந்து வந்து, தின்ன ஆளில்லாமல் பெருகும் செடிகள் உள்ளூர்ச் செடிகளை நெரித்துவிடும். உள்ளூர்ச் செடி போனால் அதையே நம்பியிருக்கும் புழு போகும், புழு போனால் குஞ்சுக்கு இரை இல்லை. ஊடுருவும் செடியை ஒருமுறை வெட்டினால் போதாது. வேரோடு எடுக்க வேண்டும், மண்ணில் தங்கிய விதை முளைக்க முளைக்க மறுபடி எடுக்க வேண்டும். பல ஆண்டு வேலை. பார்க்கிறவர்களுக்குப் பச்சைப் பசேலென்று இருந்த இடம் மொட்டையாகிவிட்டதாகத்தான் தெரியும்.

தீயும் அப்படித்தான். சில புல்வெளிகளும் சில காடுகளும் அவ்வப்போது வரும் நெருப்போடு வளர்ந்தவை. நெருப்பே வராவிட்டால் புதர் மண்டி, புல்வெளி காணாமல் போகும். பயிற்சி பெற்ற குழு, காற்றும் ஈரப்பதமும் சரியாக இருக்கும் நாளில், முன்பே தடுப்புக் கோடு வெட்டி, தண்ணீர் தயாராக வைத்துக்கொண்டு எரிக்கும். காற்று மாறினால் அன்று வேலையை நிறுத்திவிடுவார்கள். இது எல்லா நிலத்துக்கும் பொருந்தாது. நெருப்புக்குப் பழகாத காட்டில் தீ வைத்தால் அழிவுதான். எந்த நிலம் எதைக் கேட்கிறது என்று தெரிந்துவைத்திருப்பதே நிலப் பராமரிப்பாளரின் படிப்பு.

பட்டுப்போன மரத்தை ஏன் வெட்டாமல் விடுகிறார்கள் என்றும் கேட்பார்கள். மரங்கொத்தி துளையிடும், அது விட்டுப்போன பொந்தில் வேறு பறவைகள் குடியேறும். பாதையில் விழும் ஆபத்து இருந்தால் மட்டுமே வெட்டுவார்கள்.

பாதையை விட்டு விலகி நடந்தால் என்ன?

சேற்றைத் தவிர்க்க ஒருவர் ஓரமாக நடக்கிறார். ஓரத்துப் புல் சாகிறது, அங்கும் சேறாகிறது. அடுத்தவர் இன்னும் ஓரமாக நடக்கிறார். ஒரே மழைக்காலத்தில் பாதை இரு மடங்கு அகலமாகிவிடும். சேறானாலும் நடுவிலேயே நடங்கள், செருப்பைக் கழுவிக்கொள்ளலாம்.

ஆராய்ச்சியும் செய்கிறார்களா?

பல மையங்களில் உண்டு. ஓடையில் வலையைப் பிடித்து, கல்லைக் காலால் கிளறி, அடியில் இருக்கும் பூச்சிகளைச் சேகரித்து எண்ணுவார்கள். சில பூச்சிகளின் இளம் பருவம் ஆக்சிஜன் நிறைந்த சுத்தமான தண்ணீரில் மட்டுமே பிழைக்கும். அவை குறைந்தால் மேலே எங்கோ ஏதோ கலக்கிறது என்று அர்த்தம்.

சில இடங்களில் பறவைகளுக்கு வளையமிடுவார்கள். எண் பொறித்த அலுமினிய வளையத்தைக் காலில் மாட்டும் முறையை 1899இல் டென்மார்க்கில் ஹான்ஸ் கிறிஸ்டியன் மார்ட்டென்சன் என்ற ஆசிரியர் தொடங்கினார். 1956இல் பசிபிக் பெருங்கடலின் மிட்வே தீவில் வளையமிடப்பட்ட ஓர் ஆல்பட்ராஸ் 2024இல்கூட முட்டையிட்டது. விஸ்டம் என்று அதற்குப் பெயர். அந்தச் சின்ன வளையம் இல்லாவிட்டால் ஒரு கடற்பறவை இத்தனை காலம் வாழும் என்று நமக்குத் தெரிந்தே இருக்காது. வளையமிட மெல்லிய வலை கட்டுவார்கள். பறவை நெடுநேரம் அதில் சிக்கியிருக்கக் கூடாது என்பதால் குறுகிய இடைவெளியில் திரும்பத் திரும்ப வலையைச் சுற்றி வருவார்கள். மழை வந்தால் உடனே சுருட்டிவிடுவார்கள்.

பொதுமக்களும் சேரும் கணக்கெடுப்புகள் உண்டு. 1900 டிசம்பரில் அமெரிக்கப் பறவையியலாளர் ஃப்ராங்க் சாப்மன் தொடங்கிய கிறிஸ்துமஸ் பறவைக் கணக்கெடுப்பு இன்றுவரை நடக்கிறது. முதல் ஆண்டு கலந்துகொண்டவர்கள் வெறும் 27 பேர்.

இந்த வேலையில் ஆபத்து உண்டா?

உண்ணி, கொட்டும் பூச்சிகள், வெயில், வழுக்கும் பாறை. அன்றாட ஆபத்துகள் இவைதான். பாலூட்டிகளைக் கையாள்கிறவர்கள், முக்கியமாக வௌவாலைக் கையாள்கிறவர்கள், ரேபிஸ் தடுப்பூசியை முன்கூட்டியே போட்டுக்கொள்ள வேண்டும். ஆமையும் பாம்பும் நோயில்லாமலே சால்மோனெல்லா கிருமியைச் சுமக்கும். தொட்டபின் சோப்பு போட்டுக் கை கழுவச் சொல்வது அதனால்தான். அதைத் தட்டிக் கழிக்காதீர்கள்.

மனக் கஷ்டம் பற்றி யாரும் கேட்பதில்லை. பல ஆண்டு பராமரித்த பறவை ஒருநாள் காலை கூண்டின் தரையில் கிடக்கும். அன்றும் பத்து மணிக்கு பேருந்து வரும், பிள்ளைகள் “ஆந்தை எங்கே?” என்று கேட்பார்கள். பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

சம்பளம் எப்படி? என்ன படித்திருக்க வேண்டும்?

பணம் சேர்க்க ஏற்ற வேலை இல்லை இது. பல இடங்களில் பருவ வேலைதான் முதலில் கிடைக்கும், சில மாதம் முடிந்ததும் அடுத்த மையம் தேட வேண்டியிருக்கும். திறமையானவர்கள் பலர் இந்தக் காரணத்தாலேயே விலகிப் போகிறார்கள். ஆர்வம் இருப்பவர்களுக்குக் குறைவாகக் கொடுத்தால் போதும் என்று நினைக்கும் நிர்வாகங்கள் தங்கள் அடித்தளத்தையே அரித்துக்கொள்கின்றன என்பது என் உறுதியான கருத்து.

படிப்பு என்றால் உயிரியல், சூழலியல், கல்வியியல் மூன்றும் உதவும். விலங்குப் பராமரிப்புக்கு அதற்கான பயிற்சி தனி. முதலுதவிச் சான்று பல இடங்களில் கேட்பார்கள். ஆனால் நேர்முகத்தில் தேர்வு செய்கிறவர்கள் கவனிப்பது, உங்களால் ஐந்து வயதுப் பிள்ளையிடமும் எழுபது வயதுப் பெரியவரிடமும் ஒரே இலையைப் பற்றி வெவ்வேறு விதமாகப் பேச முடிகிறதா என்பதை. தன்னார்வலராக ஓராண்டு இருந்து பாருங்கள், பிடிக்கிறதா என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

தன்னார்வலராகச் சேர்ந்தால் விலங்குகளைத் தொட விடுவார்களா?

முதல் நாளே விடமாட்டார்கள், விடவும் கூடாது. தீனி நறுக்குவது, பாத்திரம் கழுவுவது, களை பிடுங்குவது, வருகைப் பதிவேட்டில் எழுத உதவுவது என்றுதான் தொடங்கும். உங்களிடம் எதிர்பார்ப்பது ஒன்றுதான்: வருகிறேன் என்று சொன்ன நாளில் வர வேண்டும். மாதம் ஒருமுறை தவறாமல் வரும் ஒருவர், ஆர்வத்தில் வாரம் நான்கு நாள் வந்துவிட்டு அடுத்த மாதம் காணாமல் போகிறவரைவிடப் பணியாளர்களுக்குப் பெரிய உதவி.

பார்வையாளராக நாங்கள் என்ன செய்யலாம்?

நாயைக் கூட்டிவரக் கூடாது என்று பலகை இருந்தால் கூட்டிவர வேண்டாம். மீந்த சாப்பாட்டை விலங்குக்குப் போட வேண்டாம். பார்த்த விஷயத்தைப் பணியாளரிடம் சொல்லுங்கள். குளத்து மூலையில் நீங்கள் பார்த்த தும்பி அவர்கள் இரண்டு ஆண்டாகத் தேடிக்கொண்டிருந்ததாகக்கூட இருக்கலாம்.

வீட்டில் செய்யக்கூடியது ஒன்று. கண்ணாடி ஜன்னலில் பறவைகள் மோதினால், வெளிப்பக்கத்தில் ஐந்து சென்டிமீட்டர் இடைவெளியில் சிறு புள்ளிகள் ஒட்டுங்கள். ஒரே ஒரு பருந்துப் படத்தை நடுவில் ஒட்டுவதால் பயன் மிகக் குறைவு. எப்படி ஒட்டுவது, எதில் வரைவது என்று சந்தேகம் வந்தால் அருகிலுள்ள மையத்தைக் கூப்பிட்டுக் கேளுங்கள். இப்படிப்பட்ட அழைப்பு என்றால் எத்தனை வேலை இருந்தாலும் அவர்கள் ஆசையாகப் பேசுவார்கள்.